இரவல் நெஞ்சு

கேட் முன்னால் நின்று பேசுகிறவனுக்குத் தொழில்கருவி தொண்டை என்று நினைப்பீர்கள்; இல்லை, நெஞ்சுதான். தொண்டை கட்டினால் மிளகுப் பால் குடித்துவிட்டு மறுநாள் பேசலாம். நெஞ்சு ஏறுமாறாக அடிக்க ஆரம்பித்தால் குடிக்க ஒன்றும் கிடையாது. இருபத்தாறு வயதில் மார்பைப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் இருப்பவனிடம் சொல்ல வெட்கப்பட்டு, இன்றோடு சரி என்று நினைத்தபடி பஸ்ஸில் உட்கார்ந்திருந்தவர்கள் உங்களிலும் இருப்பார்கள். அப்படிப்பட்டவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். அவர்கள் கைதட்டலையே நான் நம்பியதில்லை.

அறுபதுகளின் கடைசியில் விருத்தாசலத்தில் ஒரு தனியார் பீங்கான் ஆலையில் வேலை பார்த்தேன். பெயர் வேண்டாம், ஆலையும் இப்போது இல்லை. நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. அதற்கு மேல் படித்ததெல்லாம் துண்டுப் பிரசுரங்களில்தான். சங்கம் என்று ஒன்று அங்கே முளைத்ததற்கு நான்தான் காரணம் என்பதை நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது. சென்னையிலிருந்து வந்து மாலை போட்டுக்கொண்டு போன தலைவர்கள் யாரும் அதைச் சொல்லவில்லை.

பெட்டி மேல் நின்றபோது

சூளைக்குள் ஜாடிகளையும் தட்டுகளையும் நேராக வைத்தால் நெருப்பில் கெட்டுவிடும். கனமான மண் பெட்டிக்குள் வைத்துத்தான் அடுக்க வேண்டும். சாகர் பெட்டி என்போம். உடைந்த சாகர் பெட்டிகளைக் கேட்டுக்கு வெளியே கவிழ்த்துப் போட்டால் அதுதான் என் மேடை. ஒரு நாள் மதிய ஷிப்ட் மாறும் நேரத்தில் அதன் மேல் ஏறிப் பேசிக்கொண்டிருந்தேன். "எங்கள் மார்பைத் திறந்து காட்டுகிறோம், சுடுங்கள்" என்று சொல்ல வந்தவன், "எங்கள் மார்பை" என்பதோடு நின்றுவிட்டேன்.

நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று குப்புற விழுந்து எழுந்தது. எழுந்ததும் ஓடத் தொடங்கியது. காதுக்குள், கழுத்தில், பல்லில்கூட அடித்தது. கை ஜில்லென்று ஆனது, உள்ளங்காலில் வியர்த்தது. எதிரே நிற்கிற அத்தனை பேரும் வெள்ளைத் தூள் படிந்த முகத்தோடு என்னையே பார்க்கிறார்கள். அந்த முகங்கள் பிணத்துக்குப் பவுடர் அடித்தது போல எனக்குத் தெரிந்தன. இங்கேயே, இந்தப் பெட்டி மேலேயே விழப்போகிறேன், மேனேஜர் மாடி ஜன்னலிலிருந்து பார்க்கப் போகிறான் என்று நினைத்தேன். வாய் மட்டும் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. எப்படியோ கீழே இறங்கினேன். கூட்டத்தில் பாதிப் பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். சூளைப் பக்கம் தினக்கூலியாக இருந்த ஜெயசீலன் என்ற இருபத்திரண்டு வயதுப் பையன் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டான். "அண்ணே, நடுவுல நிறுத்துனீங்க பாருங்க, அங்கதான் எங்களுக்கெல்லாம் அழுவை வந்துடுச்சு!"

அஞ்சலையிடம் சொன்ன உயில்

அதற்குப் பிறகு அது அடிக்கடி வந்தது. சாப்பிட்டு உட்கார்ந்தால் வரும். டீ குடித்தால் வரும். மேனேஜர் கூப்பிடுகிறார் என்று ஆள் வந்தால் வரும். சைக்கிளை மிதித்துக்கொண்டு மங்கலம்பேட்டை வரை நோட்டீஸ் ஒட்டப் போனால் மட்டும் வராது. இது எவ்வளவு பெரிய துப்பு என்று இன்று தெரிகிறது, அன்று தெரியவில்லை. ஜங்ஷன் புத்தகக் கடையில் இதய நோயைப் பற்றி ஒரு சின்னப் பிரசுரம் வாங்கினேன். உலகத்தில் எல்லாவற்றையும் பிரசுரம் படித்தே புரிந்துகொண்டவன் நான், இதை விட்டுவிடுவேனா? இடது கை குடையும் என்று போட்டிருந்தது. படித்து முடிப்பதற்குள் குடைந்தது. மூச்சு முட்டும் என்று அடுத்த பக்கத்தில் இருந்தது. பக்கத்தைத் திருப்பும்போதே முட்டியது. மார்பில் இடது பக்கம், விலா எலும்பு ஓரம், ஒரு இடத்தில் விரலால் அழுத்தினால் உயிர் போகிற மாதிரி வலித்தது. வலிக்கிறதா என்று பார்ப்பதற்காகவே மணிக்கொரு தரம் அழுத்தினேன்.

என் மனைவி அஞ்சலையைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். நான் போய்விட்டால் கொடி போர்த்த வேண்டும், சடங்கு எதுவும் கூடாது, மேனேஜர் மாலை கொண்டுவந்தால் வாங்கக் கூடாது என்று வரிசையாகச் சொன்னேன். அவள் முறத்தில் அரிசியைப் புடைத்துக்கொண்டே கேட்டாள். நிமிர்ந்து பார்க்கவே இல்லை. "மொதல்ல அந்த டீயையும் பீடியையும் நிறுத்திட்டு வூட்டுல ஒரு நாளு ஒழுங்கா தூங்குங்க, அப்புறமா சாவலாம்."

மெடிக்கல்

எங்கள் ஆலையில் வருஷத்துக்கு ஒரு தரம் மெடிக்கல் நடக்கும். வெளியூரிலிருந்து ஒரு டாக்டர் வந்து, பெயரைக் கூப்பிட்டு, நெஞ்சில் குழாய் வைத்துப் பார்ப்பார். வெள்ளைக்கல் பொடியை வருஷக்கணக்கில் மூக்கில் வாங்கியவனுக்கு நெஞ்சுக்குள் விசில் கேட்கும். கேட்டால் 'அன்ஃபிட்'. அன்ஃபிட் என்றால் வைத்தியம் என்று அர்த்தமில்லை, வீட்டுக்குப் போ என்று அர்த்தம். டாக்டருக்கு எங்கள் முகம் தெரியாது. எல்லா முகமும் ஒரே வெள்ளை. ஆகையால் நல்ல நெஞ்சுக்காரன் ஒருவன், இருமுகிறவன் பெயருக்கு எழுந்து போய்ச் சட்டையைக் கழற்றுவது வழக்கம். எனக்கு முன்பே இருந்த வழக்கம்தான். யாருக்கு யார் போவது என்று ஒழுங்குபடுத்தியது மட்டும் நான். நான் இருந்தவரை நெஞ்சுக்காக ஒருவனும் வெளியே போகவில்லை. என் நெஞ்சையே பல பெயர்களில் அந்த டாக்டர் பாராட்டியிருக்கிறார்.

அந்த வருஷம் என் நெஞ்சை நானே நம்பவில்லை. என்னை வெளியே தள்ள மேனேஜருக்கு ஒரு சாக்கு போதும். தினக்கூலிக்காரர்களுக்கு மெடிக்கல் கிடையாது என்பதால், என் பெயருக்குப் போகும்படி ஜெயசீலனைக் கேட்டேன். பனை மாதிரி ஆள். தண்ணீர்க் குடத்தைத் தூக்குவது போல சாகர் பெட்டியைத் தூக்குவான். "உங்களுக்கு இல்லாத நெஞ்சாண்ணே" என்று சிரித்துக்கொண்டே போனான். நான் அச்சுகள் காயவைக்கும் கொட்டகையில் ஒளிந்துகொண்டு நின்றேன். மற்றவர்கள் உள்ளே போய் உடனே வந்தார்கள். அவன் மட்டும் வரவில்லை. வந்தபோது அவன் முகம் செத்துப்போயிருந்தது. டாக்டர் முன்னால் வைத்துப் பார்த்தாராம், முதுகில் வைத்துப் பார்த்தாராம். இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்து மறுபடியும் பார்த்தாராம். சின்ன வயதில் மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்ததா என்று கேட்டாராம். இவன் ஆமாம் என்றானாம். கொட்டகையில் என் தோளைப் பிடித்துக்கொண்டு, கண் கலங்க, ஜெயசீலன் சொன்னான்: "அண்ணே, மனசத் தேத்திக்கோங்க, உங்களுக்கு இதயத்துல வால்வு கெட்டிருக்குதாம்."

நோயாளி ஆனேன்

நீங்கள் சிரிக்கலாம். நான் நம்பினேன். வழக்கம் எங்களுக்குள் அப்படி ஊறியிருந்தது: பெயர் யாருடையதோ, நெஞ்சும் அவனுடையது, டாக்டர் சொன்னதும் அவனுக்கே. அதோடு எனக்குத்தான் முன்பே தெரியுமே, பிரசுரத்தில் எல்லாம் இருந்ததே! வீட்டில் படுத்துவிட்டேன். கிணற்றடி வரை நடக்க பயம். இடது பக்கம் திரும்பிப் படுக்க பயம். கண்ணை மூடினால் வால்வு என்ற ஒன்று, சைக்கிள் டியூபில் இருப்பது போல, சுருண்டு சுருண்டு காற்றை விடுவது தெரிந்தது. நெஞ்சு அடிப்பதைக் கேட்டுக்கொண்டே கிடந்தேன். அடிக்காத இடைவெளியில்தான் உயிர் போய்ப் போய் வந்தது.

டாக்டரின் ரிப்போர்ட் ஆபீசுக்கு வருகிற வரை கூலியாவது மிஞ்சட்டும் என்று வேலைக்குத் திரும்பினேன். திரும்பியதும் என் பங்குச் சுமையையும் ஜெயசீலன் சேர்த்துத் தூக்கினான். "நீங்க உக்காருங்கண்ணே" என்பான். மூச்சிரைக்க இரைக்கச் சூளைப் படி ஏறுவான், பாதியில் நின்று சுவரில் சாய்ந்துகொள்வான், சூடு ஜாஸ்தி என்பான். ஒரு நாள் அஞ்சலை எனக்குச் சாப்பாடு கொண்டுவந்திருந்தாள். தூக்குவாளியைக் கீழே வைக்காமலேயே அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பி மெதுவாகக் கேட்டாள். "ஏங்க, டாக்டரு கொழாய யாரு நெஞ்சுல வச்சாரு?"

அவனிடம் சொன்னது

அதுவரை பட்டதெல்லாம் பயமே இல்லை என்று அந்த நிமிஷத்தில் தெரிந்தது. என் சாவை நினைத்தபோது உடம்பு நடுங்கியது. அவன் சாவை நினைத்தபோது உடம்பு கல் மாதிரி நின்றுவிட்டது. சோற்றைக் கையில் எடுத்தவன் அப்படியே வைத்துவிட்டேன். சொல்லித்தான் ஆக வேண்டும். சொன்னால் அவனை நிரந்தரமாக்க மாட்டார்கள். அடுத்த மாதம் அவனைப் பர்மனென்ட் ஆக்குவதாக இருந்தது. அதற்கும் மெடிக்கல் உண்டு. அதை நம்பித்தான் சேத்தியாத்தோப்பில் அவனுக்குப் பெண் பார்த்திருந்தார்கள்.

குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தவனிடம் சொன்னேன். மூட்டு வீங்கியது யாருக்கு என்று கேட்டேன். ஒருக்களித்துப் படுத்தது யார் என்று கேட்டேன். முதலில் சிரித்தான். அப்புறம் சிரிப்பு நின்றது. முகத்தில் பயம் வரும் என்று எதிர்பார்த்தேன், கோபம் வந்தது. நான் பெரிய ஆள், பேச்சாளி, எதையும் எப்படியும் திருப்பிப் பேசுவேன் என்பது அவனுக்குத் தெரியும். கையை உதறிக்கொண்டு, பத்துப் பேர் காதில் விழ, ஜெயசீலன் கேட்டான்: "இரவல் குடுத்தது நெஞ்சு மட்டுந்தாண்ணே, உங்க நோயையும் நானே வச்சிக்கணுமா?"

சூளைப் படியில்

அதற்கப்புறம் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டான். எனக்குக் காட்டுவதற்காகவே இரண்டு பெட்டிகளை ஒன்றாகத் தூக்கினான். நான் வேலையை விட்டுவிட்டு அவன் மூச்சையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒவ்வொரு தரம் அவன் படி ஏறும்போதும் என் நெஞ்சு கூடவே ஏறியது. ஒரு நாள் தலையில் சுமையோடு அவன் மேல்படியில் நின்றதையும், பெட்டி நழுவி உடைந்த சத்தத்தையும், அவன் உட்கார்ந்து தண்ணீரில் மூழ்குகிறவன் போலக் காற்றைக் கடித்ததையும் பார்த்தேன். இருமியதில் எச்சில் சிவப்பாக வந்தது. சுற்றி நின்றவர்கள் "சூடு, சூடு, மோர் கொண்டா" என்றார்கள். படுக்க வைக்கப் போனார்கள். படுத்தால் இன்னும் மூச்சு முட்டியது. நிமிர்த்தி உட்கார வைத்துப் பிடித்துக்கொண்டேன்.

மெடிக்கல் டாக்டர் அன்று ரிப்போர்ட்டுகளோடு வந்து ஆபீசில் மேனேஜரோடு இருந்தார். மேனேஜர் அறைக்குள் நான் அனுமதி கேட்காமல் நுழைந்தது அது ஒன்றும் முதல் தரமில்லை. ஆனால் கோரிக்கை இல்லாமல் நுழைந்தது அதுதான் முதல் தரம். நீங்கள் என் பெயரில் பார்த்த நெஞ்சு என்னுடையது இல்லை, அவன் சூளைப் படியில் கிடக்கிறான் என்றேன். டாக்டர் பையை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். ஊசி போட்டார். மூச்சு கொஞ்சம் இறங்கியது. புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதினார். எழுதிக்கொண்டிருந்தவர் நடுவில் நிறுத்தி, கூடி நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். யார் முகத்திலும் வெள்ளைத் தூள், யாரும் அவர் கண்ணைப் பார்க்கவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். "அப்ப இத்தனை வருஷமா நான் யாரு நெஞ்சத்தான்யா பாத்தேன்?"

புதுச்சேரி

வாடகைக் காரில் கொண்டுபோனோம். வழியெல்லாம் அவன் என் தோளில் நெற்றியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தபடியே வந்தான். கார் குலுங்கும்போதெல்லாம் மூக்குக்கு நேரே விரலை வைத்துப் பார்த்தேன்.

அங்கே இருந்தது ஒரு பெண் டாக்டர். என்னைவிட வயது குறைவாக இருக்கும். ஜெயசீலனை வார்டில் சேர்த்து, மூச்சு சரியாகிற வரை வைத்திருந்தார்கள். சிறு வயதில் தொண்டைப் புண்ணிலிருந்து வந்த மூட்டுக் காய்ச்சல், மூட்டை விட்டுவிட்டு வால்வைப் பிடித்துக்கொண்டதாம். வால்வு சுருங்கிவிட்டதாம். மூன்று வாரத்துக்கு ஒரு பென்சிலின் ஊசி தவறாமல் போட வேண்டும், சுமை தூக்கவே கூடாது, பிறகு சென்னைக்குப் போய் ஆபரேஷன் செய்து வால்வை விரித்துவிடலாம் என்றார். பிழைப்பானா என்று கேட்டேன். ஊசியை விடாமல் போட்டுக்கொண்டு சொன்னபடி இருந்தால் பிழைப்பான் என்றார். அந்த 'இருந்தால்' இல்லாமல் ஒரு பதில் வேண்டும் என்று மறுபடி கேட்டேன், மறுபடியும் அதையே சொன்னார்.

பிறகு நானும் சட்டையைக் கழற்றினேன். கையிலும் காலிலும் பட்டை கட்டிக் காகிதத்தில் கோடு எடுத்தார்கள். அந்த அம்மா கேள்வி கேட்டது போலப் போலீஸ்காரன்கூடக் கேட்டதில்லை. ஓடினால் வருகிறதா, உட்கார்ந்தால் வருகிறதா? ஒரு விரலால் வலியைத் தொட்டுக் காட்ட முடியுமா? அழுத்தினால் வலிக்கிறதா? மயங்கி விழுந்ததுண்டா? வீட்டில் யாராவது சின்ன வயதில் திடீரென்று போனதுண்டா? எத்தனை டீ, எத்தனை பீடி? ஓடும்போது வருவதும், மயக்கத்தோடு வருவதும், படுத்தால் மூச்சு முட்டுவதும்தான் உடனே ஓடிவர வேண்டியவை என்று விளக்கினார். என்னுடையது விலா எலும்போரத்து வலி, அதன் மேல் டீ, பீடி, தூக்கமின்மை, கோபம், பயம். நான் இன்னும் ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். எத்தனை தடியடி பார்த்த நெஞ்சு இது! அவர் ஜெயசீலன் பக்கம் திரும்பிக்கொண்டே சொன்னார். "உங்களுக்கு ஒண்ணுமில்ல, சட்டையப் போட்டுக்கிட்டு வெளியில உக்காருங்க."

சொந்த நெஞ்சு

திரும்பி வந்தபோது ஆள்மாறாட்டத்துக்காக எனக்கு சஸ்பென்ஷன் காத்திருந்தது. மெடிக்கல் டாக்டரும் சும்மா இருக்கவில்லை. எல்லாரையும் மறுபடியும் பார்ப்பேன், முகம் கழுவிக்கொண்டு வரச் சொல்லுங்கள் என்றுவிட்டார். கேட்டுக்கு வெளியே பெட்டி மேல் நான் ஏறியபோது கைதட்ட ஒருவருமில்லை. எல்லார் கண்ணிலும் பயம். இருமுகிறவர்கள் வாயில் துண்டை அடைத்துக்கொண்டு நின்றார்கள். நெஞ்சு கெட்டவனை வெளியே அனுப்பாதே, தூள் இல்லாத இடத்துக்கு மாற்று, வைத்தியம் பார் என்று கோரிக்கை வைத்தேன். பேசும்போது என் நெஞ்சு குதிரை மாதிரி ஓடியது. ஓடட்டும் என்று விட்டுவிட்டுப் பேசினேன். கூட்டத்திலிருந்து ஒரு கிழவன், என்னால் பல வருஷம் வேலையில் இருந்தவன், கத்தினான். "நீ நல்லா இருக்குற, எங்க நெஞ்சத் தொறந்து காட்டிட்டியே, பாவி!"

ஜெயசீலன் வந்தான்

வேலைநிறுத்தம் வெயில் காலம் முழுக்க நடந்தது. கடைசியில் நிரந்தரத் தொழிலாளிகளை மட்டும் தூள் குறைந்த பூச்சு வேலைக்கும் சாயப் பிரிவுக்கும் மாற்ற ஒப்புக்கொண்டார்கள். நான்கு பேருக்கு அதற்குள் நெஞ்சு முற்றிக் காலம் கடந்திருந்தது. என்னை டிஸ்மிஸ் செய்தார்கள். தினக்கூலிக்காரர்கள் ஒப்பந்தத்தில் இல்லை, ஆகையால் ஜெயசீலனுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. சேத்தியாத்தோப்புப் பெண்ணின் வீட்டார் தகவல்கூடச் சொல்லாமல் விலகிக்கொண்டார்கள். ஊசி போடும் நாளில் அவனை ஆஸ்பத்திரிக்குச் சைக்கிளில் வைத்து நான்தான் மிதித்தேன். ஊசி போட்ட இடத்து வலியில் சீட்டில் உட்கார முடியாமல் திரும்பும்போது நடந்தே வருவான். மெதுவாக. ஒவ்வொரு தரமும் அடுத்த ஊசிக்கு இருப்பானா என்று நான் உள்ளுக்குள் நடுங்குவேன். எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு நாள் அவனைச் சென்னைக்கு ரயிலேற்றினேன். பிளாட்பாரத்தில் அவன் திரும்பிப் பார்க்கவில்லை, நானும் கையசைக்கவில்லை.

மாதக் கணக்கில் கடிதமே இல்லை. ஒரு மாலை நான் ஜங்ஷன் எதிரில் வாடகைக்கு எடுத்திருந்த சைக்கிள் கடையில் டியூப் ஒட்டிக்கொண்டிருந்தபோது யாரோ ஓவர்பிரிட்ஜ் படியில் வேகமாக இறங்கி வந்து நின்றார்கள். ஜெயசீலன். இரைப்பு இல்லை. சட்டையைத் தூக்கிக் காட்டினான். இடது மார்புக்குக் கீழே முதுகு வரை ஒரு தழும்பு, கோணித் தையல் மாதிரி. என் தலையைப் பிடித்து இழுத்து என் காதைத் தன் நெஞ்சில் வைத்து அமுக்கினான். உள்ளே ஒரு ரயில் நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது. வருஷக் கணக்கில் அவன் என்னை அண்ணே என்று கூப்பிடவில்லை. அன்று கூப்பிட்டான். "நல்லா கேட்டுக்கோங்கண்ணே, இத இனிமே எவனுக்கும் குடுக்க மாட்டேன்."

டிஸ்மிஸ் ஆன பிறகும் வேறு ஆலைகளுக்குப் போய், முப்பது வருஷம் கேட் முன்னால் கத்தி நான் வாங்கிக் கொடுத்த ஒரே உரிமை, அவனவன் நெஞ்சுக்கு அவனவனே பயப்படலாம் என்பதுதான். அதற்கே பாதிப் பேர் இன்னும் என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறார்கள்.